கடலில் மூழ்கிய கண்காட்சி

அரபிக் கடலின் அடியிலே நகரங்கள் கிடக்கின்றன. துவாரகையைச் சொல்லவில்லை, தோழர்களே, கபாடபுரத்தையும் சொல்லவில்லை. கடல் கொண்டதாகக் கதை பேசப்படும் ஊர்களைத் தேடும் வேலையை அதிலே ஆர்வம் உடையவர்களுக்கு விட்டுவிடுவோம். நான் சொல்ல வந்தது, ஆண்டும் திங்களும் கப்பலின் பெயரும் தெரிந்த செய்தி. 1914ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் 'கிளான் கிராண்ட்' என்னும் சரக்குக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. அந்தக் கப்பலின் வயிற்றிலே ஏதென்சு இருந்தது, உரோம் இருந்தது, எடின்பரோ இருந்தது. படங்களாக, வரைபடங்களாக, நிழற்படங்களாகப் பெட்டிகளில் அடுக்கப்பட்டுச் சென்னை நோக்கி வந்துகொண்டிருந்தன அந்த நகரங்கள். எல்லாம் கடலுக்கடியில்!

மூழ்கடித்தது எம்டன். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்திவிட்டுப் போன அதே செருமானியப் போர்க்கப்பல். அந்த ஓர் இரவின் அச்சம் நம் மொழியிலேயே ஒட்டிக்கொண்டது. வல்லவனைக் கண்டால், 'ஆள் சரியான எம்டன்' என்று இன்றும் சொல்கிறோம். எண்ணெய்க் கிடங்கு எரிந்த கதை எல்லோருக்கும் தெரியும். கண்காட்சி மூழ்கிய கதை எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தக் கண்காட்சியின் சொந்தக்காரர் பேட்ரிக் கெடிஸ் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். 1854இல் பிறந்தவர், படித்தது உயிரியல். டார்வினின் கொள்கைக்கு வாதாடி, பாதிரிமார்களை வாய்மூடச் செய்த ஹக்ஸ்லியிடம் பாடம் கேட்டவர். டண்டீ நகரத்துக் கல்லூரியிலே தாவரவியல் பேராசிரியர். செடியையும் செல்லையும் ஆராய வேண்டிய மனிதருக்குச் சாக்கடையிலும் சந்துகளிலும் என்ன வேலை என்று கேட்டார்கள். அவர் வாயால் விடையளிக்கவில்லை. எடின்பரோ பழைய நகரத்தின் நடுவே, ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த குடியிருப்பொன்றில், மனைவி ஆனாவுடன் குடியேறினார். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார், முற்றத்தைப் பெருக்கினார், இடிந்த வீட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தோட்டம் போட்டார். உயிரினம் தன் சூழலை மாற்றுகிறது, சூழல் உயிரினத்தை மாற்றுகிறது என்று வகுப்பறையில் சொன்னதை வீதியிலே செய்து பார்த்தார். ஆராய்ச்சி என்றால் இதுவன்றோ ஆராய்ச்சி!

1892 முதல் எடின்பரோவிலே ஒரு கோபுரம் அவர் கைக்கு வந்தது. அதை அவர் ஆக்கிய விதத்தைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கண்காட்சி என்னும் கலையில் அது ஒரு புதுமை. பார்க்க வந்தவரை முதலில் உச்சிக்கு ஏறச் சொல்வார். அங்கே இருட்டறை, கூரையிலே ஓர் ஆடி, நடுவே வெள்ளை மேசை. வெளியே நடமாடும் நகரம் அப்படியே அந்த மேசையின்மீது விழும். வண்டி ஓடும், மக்கள் நடப்பார்கள், புகைபோக்கி புகையும். மந்திரம் அன்று; ஒளியியல். தன் ஊரைத் தானே மேலிருந்து பார்த்து வியந்து நிற்பவரைப் பிறகு ஒவ்வொரு தளமாகக் கீழே அழைத்து வருவார். முதலில் எடின்பரோ நகரம், அதற்கடுத்து ஸ்காட்லாந்து, அதன் கீழே ஐரோப்பா, அடித்தளத்திலே உலகம். உலகத்தைப் படித்துவிட்டு ஊருக்கு வருவது நம் பள்ளிக்கூட முறை. ஊரைப் படித்துவிட்டு உலகத்துக்குப் போவது அவர் முறை. வரலாற்றுப் பாடம் நடத்துகிறவன் என்ற முறையிலே சொல்கிறேன், இந்த ஒரு கருத்துக்காகவே அவருக்கு வணக்கம் செலுத்தலாம். நெப்போலியன் தோற்ற இடம் தெரிந்த என் மாணவனுக்குத் தன் தெரு எப்போது உண்டாயிற்று என்பது தெரியாது. எனக்கே, கேட்டறியும் வரை, தெரியாது.

அந்தக் கோபுரத்தின் பிள்ளைதான் நகரக் கண்காட்சி. 1911இல் லண்டன் செல்சியில் திறக்கப்பட்டது. எடின்பரோ, டப்ளின், பெல்பாஸ்ட் என்று ஊர் ஊராகச் சென்றது. 1913இல் பெல்ஜிய நாட்டுக் கென்ட் நகரிலே பெரும் பாராட்டைப் பெற்றது. அன்று சென்னை கவர்னராக இருந்த பென்ட்லண்டு பிரபு அதை இங்கே கொண்டுவர அழைத்தார். மனிதர் ஒரு கப்பலிலே வந்தார். கண்காட்சி வேறு கப்பலிலே வந்தது. மனிதர் கரை சேர்ந்தார்.

அறுபது வயதில், ஆண்டுக்கணக்காகச் சேர்த்த செல்வம் அத்தனையும் கடலில் போய்விட்டால் நாம் என்ன செய்வோம்? விதி என்போம், கிரகம் சரியில்லை என்போம், அடுத்த வேளை சோதிடரைத் தேடிப் போவோரும் உண்டு. கெடிஸ் கடிதம் எழுதினார். லண்டனில் இருந்த நண்பர்கள், லான்செஸ்டர் என்னும் கட்டடக் கலைஞர் முதலானோர், புதிய படங்களைத் திரட்டினர். மூன்றே திங்களில், 1915 ஜனவரியில், சேப்பாக்கம் கடற்கரையிலே பல்கலைக் கழகத்தின் செனட் மாளிகையில் கண்காட்சி திறக்கப்பட்டது. எம்டனோ அதற்கு முன்பே, நவம்பரில், கோகோஸ் தீவருகே நொறுங்கிப்போய்விட்டது.

அங்கே காட்டப்பட்டவை நகரங்களின் பிறப்பும் வளர்ச்சியும் நோயும் நலிவும். நாளைக்கு என்ன செய்யலாம் என்ற கேள்வியும் கூடவே தொங்கிற்று. நோயாளியைத் தொட்டுப் பார்க்காமலே மருந்து எழுதும் வைத்தியனைப் போல, ஊரை நடந்து பார்க்காமலே மேசைமேல் கோடு கிழிக்கும் பொறியாளர்களை அவர் கண்டித்தார். ஆய்வு முன்னே, திட்டம் பின்னே. இதுதான் அவருடைய பாடம். நகரத்தின் நடுவிடம் நாளை எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்வதற்கு முன், அது நேற்று எப்படி இருந்தது, இன்று அங்கே யார் வாழ்கிறார்கள் என்று பார்க்கச் சொன்னார்.

பார்க்கச் சொன்னவர் தாமும் பார்த்தார். தஞ்சை, திருச்சி, மதுரை என்று நம் நகரங்களிலே நடந்து அறிக்கைகள் எழுதினார். அந்நாளில் நகரசபைகளுக்குப் பிடித்த மருந்து ஒன்றே ஒன்று: நெருக்கமான பகுதியா, இடி! நேர்க்கோட்டில் ஓர் அகலச் சாலை போடு! வீடு இழந்தவன் எங்கே போவான்? பக்கத்துச் சந்துக்குத்தான் போவான். அந்தச் சந்தின் நெருக்கம் இரட்டிப்பாகும். பத்தாண்டு கழித்து அதையும் இடிக்கலாம்! கெடிஸ் இதை மறுத்தார். பாழடைந்த நாலு சுவர்களை மட்டும் எடுத்துவிடு, கிடைத்த இடத்தில் ஒரு மரத்தை நடு, முட்டுச் சந்தைத் திறந்துவிடு, வீடுகளை விட்டுவிடு. வெட்டி எறியும் அறுவையன்று, காப்பாற்றும் அறுவை. செலவும் குறைவு, கண்ணீரும் குறைவு.

இந்த முறையின் அருமை தெரியவேண்டுமானால் பின்னாளில் மேல்நாட்டில் நடந்த இரண்டு கண்காட்சிகளைப் பார்த்தால் போதும். 1925இல் பாரிசிலே லெ கார்புசியே தம் திட்டத்தை வைத்தார். பாரிசின் நடுவிடத்தை ஏறக்குறைய அடியோடு பெயர்த்துவிட்டு, அங்கே வானளாவிய பதினெட்டுக் கோபுரங்கள்! 1939இல் நியூயார்க்கிலே உலகக் கண்காட்சி. அதிலே 1960ஆம் ஆண்டின் அமெரிக்கா என்று ஒரு பெரும் மாதிரி. ஐந்து இலட்சம் சின்னஞ்சிறு கட்டடங்கள். அவற்றின் இடையே ஓயாது ஓடும் மோட்டார்கள். அதை அமைத்தவர் பெயரும் கெடிஸ், நார்மன் பெல் கெடிஸ். உறவு ஏதுமில்லை, பெயர் ஒற்றுமைதான். பார்க்க வந்தவர்களை நகரும் நாற்காலியில் உட்காரவைத்து, எதிர்காலத்தின் மேலே பறக்கவிட்டு, இறங்கும்போது சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லை கொடுத்தார்கள்: 'நான் எதிர்காலத்தைப் பார்த்துவிட்டேன்.' பார்த்தாயிற்று, போகலாம்! அதை மாற்ற உனக்கு உரிமையில்லை. பாரிசுத் திட்டம் சுமந்தது வாய்சான் என்னும் மோட்டார் உற்பத்தியாளரின் பெயரை. நியூயார்க் மாதிரியை நடத்தியது ஜெனரல் மோட்டார்ஸ். நகரத்தின் நடுவிடம் நாளை எப்படி இருக்கும் என்று கார் விற்பவனைக் கேட்டால் வேறென்ன சொல்வான்?

நாற்காலியில் உட்காரவைப்பது ஒரு வகைக் கண்காட்சி. கையைப் பிடித்து இழுத்து உள்ளே விடுவது மற்றொரு வகை. பின்னதற்குச் சான்று 1917இல் இந்தூரிலே கிடைக்கிறது.

இந்தூரில் பிளேக். எலி செத்து விழுகிறது. பின்னாலேயே மனிதன் விழுகிறான். கெடிஸ் கையிலே வரைபடத்துடன் சந்து சந்தாகச் சுற்றுகிறார். மக்களுக்கோ அவரைக் கண்டால் அச்சம், வீட்டை இடிக்க வந்த வெள்ளைக்காரன் என்று. அறிக்கை அடித்துக் கொடுத்தால் யார் படிப்பார்கள்? அவர் மன்னரிடம் சென்று, ஒரே ஒரு நாளுக்கு என்னை மன்னனாக்குங்கள் என்றார். ஆக்கினார்கள். உடனே ஓர் அறிவிப்பு: வரும் தீபாவளிக்குப் பெரும் ஊர்வலம் உண்டு, ஆனால் வழக்கமான வழியிலே போகாது. எந்தத் தெருவில் மிகுதியான வீடுகள் பழுது பார்க்கப்பட்டு, வெள்ளையடிக்கப்பட்டு, எலி வளைகள் அடைக்கப்பட்டிருக்கின்றனவோ அந்தத் தெருவழியே போகும்!

என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஊர்வலம் தன் தெருவுக்கு வரவேண்டும் என்ற ஆசை யாரை விட்டது? தெருவுக்குத் தெரு போட்டி. குப்பை வண்டி வண்டியாக வெளியேறியது. நாள் வந்தது. யானை, குதிரை, பட்டாளம் எல்லாம் போன பிறகு குடிசைகளின், குப்பையின், நோயின் உருவங்கள் வந்தன, அரக்கன் வந்தான், அவனோடு எலி, பிளேக்கைக் கொண்டுவரும் பேரெலி! அவற்றுக்குப் பின்னே, சற்று இடைவெளி விட்டு, நகரத்தைத் துப்புரவு செய்யும் தோழர்கள். தூய வெள்ளை உடை, ஊரின் நிறத்திலே புதுத் தலைப்பாகை, வண்ணம் தீட்டிய வண்டிகள், மாலைகள். நகரத் தலைவருக்குக் கிடைக்கும் அதே தலைப்பாகை குப்பை வாருகிறவர் தலையிலும். கடைசியில் வருங்கால இந்தூரின் மாதிரிகள், நூலகமும் பள்ளியும் பூங்காவும் புது வீடுகளும், வண்டிகளிலே ஊர்ந்து வந்தன. ஊர் வெளியிலே அரக்கனையும் எலியையும் கொளுத்தினார்கள். கெடிஸே பின்னர் சொல்லி மகிழ்ந்த நிகழ்ச்சி இது. அச்சம் நீங்கிற்று, தெருவிலே அவரைக் கண்டால் மக்கள் முகம் மலர்ந்தார்கள்.

இதிலே இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அதே 1917 ஏப்ரலில், கூடவே இந்தியாவுக்கு வந்து உழைத்த மூத்த மகன் பிரான்சுப் போர்க்களத்திலே மாண்டான். ஜூனில் மனைவி ஆனா கல்கத்தாவிலே காய்ச்சலில் இறந்தார். மகன் போன செய்தியை, நோய்ப்படுக்கையில் இருந்த அந்த அம்மையாருக்குச் சொல்லாமலே மறைத்து வைத்திருந்தார் கெடிஸ். அந்தத் துயரத்துக்குச் சில திங்கள் கழித்துத்தான் இந்தூர்த் தெருக்களிலே அந்த ஊர்வலம்.

பகுத்தறிவாளர் நமக்குத் தீபாவளியிலே என்ன வேலை என்று சில தோழர்கள் முகஞ்சுளிக்கலாம். நானும் முதலில் சுளித்தேன். நரகாசுரனைக் கொன்றதற்காகக் கொண்டாடப்படும் விழாவை வைத்துத்தானா எலியைக் கொல்ல வேண்டும்? ஆனால் ஊர்வலத்தின் பாதையை மாற்றினாரே, அதை எண்ணிப் பாருங்கள். இன்ன சாதி, இன்ன மதம் வாழும் தெருவழியே போவதுதான் மரபு என்றிருந்ததை, எந்தத் தெரு தூய்மையோ அந்தத் தெருவழியே போகும் என்று மாற்றினார். மரபின் இடத்திலே காரணத்தை வைத்தார். ஒரே ஒரு நாளுக்குத்தான், மறுக்கவில்லை. மறுநாள் அந்தத் துப்புரவுத் தோழர் வெள்ளை உடையைக் களைந்துவிட்டு அதே துடைப்பத்தைத்தான் எடுத்திருப்பார்.

இங்கேதான் கெடிஸுடன் எனக்குப் பிணக்கு. 1919இல் 'கோயில் நகரங்கள்' என்றொரு கட்டுரை எழுதினார் அவர். தென்னாட்டுக் கோயிலையும் அதைச் சூழ்ந்து அடுக்கடுக்காக விரியும் வீதிகளையும் கண்டு வியந்தார். நகர அமைப்பின் உயர்ந்த சின்னமாகப் போற்றினார். அமைப்பு அழகுதான், மதுரைக்குப் போகும்போதெல்லாம் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று வளையம் வளையமாக நடந்து நானும் அதைச் சுவைத்திருக்கிறேன். ஆனால் அந்த வீதிகளிலே நடக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்கள் இருந்தார்களே, அவர்களின் கால்களை அந்த வரைபடம் காட்டவில்லையே! தேரோடும் வீதியின் அகலத்தை அளந்தவர், அது யாருக்கு அகலம், யாருக்கு மதில் என்று அளந்தாரா?

தொலைவுக்குப் போகவேண்டாம். எங்கள் கரிசல் சீமைக்கு வாருங்கள். கோவில்பட்டிக்குப் பக்கத்திலே கழுகுமலை. வெட்டுவான் கோயில் என்று ஒற்றைப் பாறையைக் குடைந்த கலையழகைக் காட்ட வெளிநாட்டாரை அழைத்துச் செல்கிறார்களே, அதே கழுகுமலை. மலையடியிலே எட்டயபுரம் ஜமீனின் ஆதரவிலிருந்த முருகன் கோயில். அதைச் சுற்றித் தேர்வீதி. ஊரின் நடுவிடம் அதுதான். வணிகத்தில் வளர்ந்து நிமிர்ந்த நாடார்கள் அந்த வீதியிலே தங்கள் ஊர்வலமும் போகவேண்டும் என்றார்கள். கூடாது என்றது ஜமீன். வழக்கு மன்றம் ஏறினார்கள், அங்கும் தோற்றார்கள். கடையிலே பலர் கத்தோலிக்கராகி, தேர்வீதியிலேயே வீடு வாங்கி, அதிலே ஒரு சிறு மாதா கோயிலை வைத்துக்கொண்டார்கள். மதம் மாறினால் வீதி மாறுமா? 1895ஆம் ஆண்டு பங்குனித் திருவிழாவன்று தேர் அந்த இடத்துக்கு வந்து நின்றது. முன்னால் போட்டிருந்த பந்தல் தேருக்குத் தடை என்று சச்சரவு எழுந்தது. கத்தி பாய்ந்தது, தீ பரவியது. ஜமீன் மானேஜரும் இரு தரப்பிலே பலரும் மாண்டார்கள். நான்காண்டு கழித்து, 1899இல், சிவகாசி எரிந்தது. ஆண்டவன் உலா வர அகலமாகப் போட்ட வீதியிலே மனிதன் நடந்துவரப் பிணங்கள் விழ வேண்டியிருந்தது.

செனட் மாளிகையில் கண்காட்சி திறந்தபோது கழுகுமலைக்கு வயது இருபது. அந்தத் தேர்வீதியிலே தடுக்கப்பட்டவன் சேப்பாக்கத்துப் படியேறி வந்திருந்தால், ஏதென்சின் படத்தையும் உரோமின் படத்தையும் பார்த்துவிட்டு, 'என் ஊரின் தெரு எங்கே?' என்றல்லவா கேட்டிருப்பான்!

அந்தக் கேள்வியை எழுப்பியது கண்காட்சி அன்று, சட்டமன்றம். 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. தெருவை எப்படிப் போடுவது என்று விதி செய்தது. 1924இல் அதே மாநிலத்துச் சட்டமன்றத்திலே இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: பொதுச் சாலையிலும் தெருவிலும் எந்த வகுப்பாரும் நடக்கலாம், பொதுக் கிணற்றிலும் குளத்திலும் எவரும் நீர் எடுக்கலாம். தீர்மானம் நிறைவேறி அரசு ஆணையாயிற்று. நகரமைப்பு வரலாறு எழுதுவோர் முதல் சட்டத்தைக் குறிப்பார்கள், இரண்டாவதைக் குறிக்கமாட்டார்கள். தெருவிலே நடக்கும் உரிமையை விட்டுவிட்டு எழுதப்படும் தெருவின் வரலாறு என்ன வரலாறு?

நகரமைப்புச் சட்டத்தின் பெரும் பயன் சென்னையிலே தியாகராய நகராக எழுந்தது. நீதிக்கட்சி ஆட்சிக் காலம்; ஆகவே பனகல் பூங்கா, நடேசன் பூங்கா, டாக்டர் நாயர் சாலை என்று அந்த இயக்கத்தின் முன்னோர் பெயர்களே அங்கு எங்கும். பெருமைதான். ஆனால் ஒரு பெரிய ஏரியைத் தூர்த்து அந்த நகரை எழுப்பினார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கண்மாய் நிறைந்தால்தான் கஞ்சி என்று வாழும் கரிசல்காரனுக்கு, ஏரியைத் தூர்த்தவர் நம்மவர் என்பதால் மனம் ஆறிவிடாது.

அந்த நகரின் கடைவீதியைப் பாண்டி பஜார் என்று அழைக்கிறோம். முறையான பெயர் சௌந்தரபாண்டியனார் அங்காடி. யார் அவர்? பட்டிவீரன்பட்டி ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார், 1929இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டின் தலைவர், எந்தச் சமுதாயம் கழுகுமலைத் தேர்வீதியிலே தடுக்கப்பட்டதோ அதே நாடார் சமுதாயத்தில் தோன்றியவர். தன் சாதிக்கு வீதி கிடைத்தால் போதும் என்று அவர் நின்றுவிடவில்லை. இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பஸ்களின் உரிமம் பறிக்கப்படும் என்று ஆணையிட்டார். அதற்கு முன் பயணச்சீட்டிலேயே தாழ்த்தப்பட்டோருக்கு இடமில்லை என்று அச்சிட்ட முதலாளிகளும் இருந்தார்கள்! 2019 நவம்பரில் அந்த அங்காடிச் சாலையின் இருமருங்கும் அகன்ற நடைபாதை போட்டு, நடப்பவர்க்கு முதலிடம் என்று திறந்து வைத்தபோது எனக்கு நினைவு வந்தது அந்த ஆணைதான். நடப்பதற்கே உரிமை கேட்ட கூட்டத்தில் வந்தவரின் பெயரால் அமைந்த வீதி, நடப்பவர் வீதியாயிற்று.

இப்படிச் சொல்லி மகிழ்ந்து முடித்துவிடலாம். 1997 குறுக்கே நிற்கிறது. அந்த ஆண்டு விருதுநகரிலே போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டினார்கள். கட்டபொம்மன் படையிலே போரிட்டு மாண்டவர். தேவேந்திரகுல வேளாளர் போற்றும் வீரர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸிலே ஏறமாட்டோம் என்றார்கள் சிலர்! கல் பறந்தது, கலவரம் மூண்டது, உயிர்கள் போயின. முடிவிலே மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் சூட்டியிருந்த தலைவர்களின் பெயர்கள் எல்லாமே எடுக்கப்பட்டன. ஏற்ற மறுத்த பஸ்ஸுக்குச் சட்டம் செய்து எழுபதாண்டு ஆகும் வேளையில், பெயரைக் கண்டு ஏற மறுத்த பயணிகள். எந்தக் கண்காட்சியிலே இதை வைப்போம்?

வைத்துப் பார்க்கத்தான் முயன்றேன். புதூரிலே பள்ளி ஒன்றில் வரலாறு கற்பிக்கிறேன். கெடிஸைப் படித்த சூடு ஆறுமுன், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, 'இருபத்தைந்து ஆண்டு கழித்து நம் கடைவீதி' என்று ஒரு கண்காட்சி தொடங்கினோம். படம் வாங்கக் காசு ஏது? பள்ளிக்கூடத்துக் கூடத்தின் தரையிலே சாக்கட்டியால் தெருக்களை வரைந்தோம். கரிசல் மண்ணைக் குழைத்துக் கண்மாய்க்குக் கரை எடுத்தோம். கட்டடங்களுக்குத் தீப்பெட்டிகள், எங்கள் பக்கத்திலே அதற்கா பஞ்சம்? பருத்திக் கமிஷன் கடைக்கு ஒரு பெட்டி, மிளகாய் வற்றல் கடைக்கு ஒரு பெட்டி, பஸ் நிற்குமிடத்துக்குப் பெட்டிகளை ஒட்டிச் செய்த கொட்டகை.

விதி ஒன்றே ஒன்று. பார்க்க வரும் ஒவ்வொருவரும் ஒரு பெட்டியை எடுத்து வேறிடத்தில் வைக்கலாம். ஏன் என்று காரணம் சொல்லவேண்டும். ஒரு மாணவி அதை நோட்டிலே எழுதிக்கொள்வாள். தொடாதே என்று பலகை வைப்பதுதான் கண்காட்சி என்று பழகியவர்கள் முதலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பிறகு ஒருவர் குனிந்தார். வற்றல் கடைக்காரர் பஸ் கொட்டகையைத் தம் கடைக்கு எதிரே நகர்த்தினார். காரணம் கேட்டபோது சிரித்தார். அடுத்து வந்தவர் அதைத் திரும்ப எடுத்துக் கண்மாய்க்கரை வேம்புக்கு அடியிலே வைத்து, 'நெழலு' என்று ஒரே சொல்லில் காரணம் சொன்னார். பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்த பாட்டி ஒருவர் இடுப்பிலே கைவைத்து முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ஏய்யா வாத்தியாரு, சந்தைக்கு வார பொம்பளையாளு ஒதுங்க எடம் எங்கய்யா வச்சிருக்க?" என்றார். வைக்கவில்லை. நாற்பது பெட்டி அடுக்கிய எனக்கும் என் மாணவர்க்கும் அது தோன்றவில்லை. பாட்டி கையிலேயே ஒரு பெட்டியைக் கொடுத்தேன். எங்கே வைப்பது என்று அவர் வெகுநேரம் எண்ணினார்.

மாலையிலே கூட்டம் குறைந்த பின்பு, பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்த மாணவன் ஒருவன் என்னருகே வந்தான். "சார், ரோட்ட எதுக்கு இங்கயே நிப்பாட்டிட்டீங்க?" என்றான். சாக்கட்டிக் கோடு முடியும் இடத்தைக் காட்டினான். கடைவீதி அங்கேதானே முடிகிறது என்றேன். "முடியல சார். அதுக்கு அங்கிட்டு எங்க தெரு இருக்கு. நாங்க எல்லாரும் தெனமும் அந்த வழியாத்தான கடைக்கு வாறோம்."

கெடிஸிடம் கேட்க எண்ணியிருந்த கேள்வியை என்னிடம் கேட்டுவிட்டான். அந்தக் கோட்டை அங்கே நிறுத்தியது என் கை. யாரும் சொல்லி நிறுத்தவில்லை, நினைத்தும் நிறுத்தவில்லை. ஊர் என்று மனத்திலே பதிந்த படம் எங்கே முடிந்ததோ அங்கே கையும் நின்றது. பட்டம் பெற்றவன், மேடையிலே பேசுகிறவன், கழுகுமலையைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவன். சாக்கட்டியைப் பிடித்த கை மட்டும் பழைய கையாகவே இருந்திருக்கிறது.

கூடத்தின் தரை அந்தக் கோட்டோடு முடிகிறது; அதற்கப்பால் வாசற்படி, தாழ்வாரம், மைதானம். சாக்கட்டியை அவனிடமே கொடுத்தேன். படியில் இறங்கி, தாழ்வாரத்தைக் கடந்து, மைதானத்து மண்ணிலே குச்சியால் கீறிக்கொண்டே போனான். தெருவிளக்கு இருக்குமிடம், தண்ணீர்த் தொட்டி இருக்குமிடம், மழை பெய்தால் கால் புதையுமிடம் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டே போக, மற்றப் பிள்ளைகள் பின்னாலேயே பெட்டிகளை வைத்துக்கொண்டு வந்தார்கள். பாதித் தெரு வருமுன்னே பெட்டி தீர்ந்துவிட்டது. மறுநாள் கோவில்பட்டிக்கு ஆள் அனுப்பி இன்னும் ஒரு கட்டு வாங்கி வரச் செய்தோம்.